டயாலிசிஸ் நோயாளியின் தைராய்டு ரிப்போர்ட்: சுகர் இருப்பவருக்கும் இல்லாதவருக்கும் எண்கள் ஏன் மாறுகின்றன?

டயாலிசிஸ் ஒரு ஊரில், சுகர் டாக்டர் இன்னொரு ஊரில், ரத்தப் பரிசோதனை வழியில் எந்த லேப் திறந்திருக்கிறதோ அங்கே. குமரி மாவட்டத்தின் மேற்கு ஓரத்தில் இப்படி அலைகிறவர்கள் நிறையப் பேர். மார்த்தாண்டம், குழித்துறைப் பக்கத்து ஆட்களுக்கு நாகர்கோவில் ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜ் ஒரு திசை, களியக்காவிளை தாண்டி பாறசாலை, நெய்யாற்றின்கரை, திருவனந்தபுரம் மெடிக்கல் காலேஜ் மறு திசை. இரண்டு மாநிலத்து ரிப்போர்ட்டும் ஒரே ஃபைலில் கிடக்கும். அந்த ஃபைலில் அதிகம் குழப்புகிற தாள் தைராய்டு ரிப்போர்ட்தான்.

குழப்பம் பெரும்பாலும் இப்படித்தான் ஆரம்பிக்கிறது. டி3 பக்கத்தில் 'குறைவு' என்று ஒரு அம்புக்குறி, டி4 சரியாக இருக்கிறது, டிஎஸ்ஹெச் எல்லையைத் தாண்டி 6 அல்லது 7. பக்கத்துக் கட்டிலில் டயாலிசிஸ் செய்துகொள்கிறவருக்கு சுகர் கிடையாது, அவருடைய டி3 கொஞ்சம் பரவாயில்லை, டிஎஸ்ஹெச்சும் எல்லைக்குள் இருக்கிறது. உடனே கேள்விகள் வரிசையாக வருகின்றன: எனக்கு மட்டும் ஏன் தைராய்டு வந்தது, சுகரால் வந்ததா, டயாலிசிஸ் மெஷின் ஹார்மோனைக் கழுவிக்கொண்டு போய்விடுகிறதா, மாத்திரை போட வேண்டுமா?

நேரடியாகச் சொன்னால், டயாலிசிஸ் நோயாளிக்கு டி3 மட்டும் குறைந்திருப்பது பெரும்பாலும் தைராய்டு நோயே அல்ல. ஆனால் "டயாலிசிஸ்காரர்களுக்கு இதெல்லாம் சகஜம்" என்று எல்லா ரிப்போர்ட்டையும் ஒதுக்கிவிட்டால், உண்மையிலேயே தைராய்டு சுரப்பி மந்தமான ஒருவர் கவனிக்கப்படாமல் போய்விடுவார். இரண்டையும் பிரித்துப் பார்ப்பதில்தான் விஷயமே இருக்கிறது, சர்க்கரை நோய் சேரும்போது அது இன்னும் கொஞ்சம் கடினமாகிறது.

முதலில் அடிப்படை

கழுத்தின் முன்பக்கம் இருக்கும் தைராய்டு சுரப்பி முக்கியமாக டி4 என்ற ஹார்மோனைச் சுரக்கிறது. அதில் நான்கு அயோடின் அணுக்கள். அதிலிருந்து ஒன்றைக் கழற்றினால் டி3. உடம்பின் செல்களுக்குள் உண்மையில் வேலை செய்வது டி3. டி4 நெல் என்றால் டி3 அரிசி: சேமித்து வைக்க நெல், சோறு பொங்க அரிசி. ரத்தத்தில் ஓடும் டி3யில் ஏறக்குறைய 80 சதவீதம் தைராய்டில் சுரந்ததே அல்ல, கல்லீரல், சிறுநீரகம், தசை போன்ற இடங்களில் டி4 'அரைபட்டு' உருவானது. அரைக்கிற வேலையைச் செய்யும் நொதிகளுக்கு டீஅயோடினேஸ் என்று பெயர்.

டிஎஸ்ஹெச் தைராய்டில் சுரப்பது இல்லை, மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரக்கிறது. தைராய்டு ஹார்மோன் குறைந்தால் டிஎஸ்ஹெச் ஏறும், அதிகமானால் இறங்கும். அதனால்தான் சாதாரண ஆளுக்கு டிஎஸ்ஹெச் ஒன்றைப் பார்த்தாலே பெரும்பாலும் போதும். டயாலிசிஸ் நோயாளிக்கு அது போதாது, காரணம் கீழே வருகிறது.

இன்னொரு விஷயம். ரத்தத்தில் இருக்கும் டி4, டி3 இரண்டிலும் 99 சதவீதத்துக்கு மேல் புரதங்களோடு ஒட்டிக்கொண்டுதான் ஓடுகிறது. ஒட்டாமல் தனியாக இருக்கும் துளியளவே செல்லுக்குள் நுழையும். அந்தத் துளியைத்தான் ரிப்போர்ட்டில் ஃப்ரீ டி4, ஃப்ரீ டி3 என்று போடுகிறார்கள். புரதம் குறைந்தால் மொத்த டி4 குறைவாகத் தெரியும், ஆனால் ஃப்ரீ டி4 சரியாகவே இருக்கலாம். மெஷின் கழுவிவிடுகிறதா என்ற கேள்விக்கும் பதில் இங்கேயே கிடைக்கிறது: ஹார்மோன் ஒட்டியிருக்கும் பெரிய புரதங்கள் டயாலிசிஸ் ஃபில்டரின் துளைகள் வழியாகப் போகாது, அதனால் ரத்த டயாலிசிஸில் சொல்லிக்கொள்ளும்படி இழப்பு இல்லை. வயிற்று வழி டயாலிசிஸ் வேறு கதை. அங்கே பையில் வெளியேறும் திரவத்தோடு புரதமும் போகிறது, கூடவே கொஞ்சம் ஹார்மோனும் போகிறது. ஆரோக்கியமான தைராய்டு பெரும்பாலும் அதை ஈடுகட்டிவிடும்.

சிறுநீரகம் கெட்டால் தைராய்டு எண்கள் ஏன் நகர்கின்றன

1. அரைக்கிற இடங்களில் சிறுநீரகமும் ஒன்று. அது செயலிழந்தால் அங்கே நடக்கும் டி4 – டி3 மாற்றம் குறைகிறது.

2. ரத்தத்தில் அமிலத்தன்மை கூடுவது, நாள்பட்ட அழற்சி, சாப்பாடு குறைந்து உடம்பு இளைப்பது, இந்த மூன்றுமே அதே மாற்றத்தைத் தடுக்கின்றன. டயாலிசிஸ் நோயாளிக்கு மூன்றும் சேர்ந்தே இருப்பது வழக்கம்.

3. ரத்தத்தில் தேங்கும் கழிவுகள், ஹார்மோன் புரதத்தோடு ஒட்டுவதையும் கெடுக்கின்றன.

4. பிட்யூட்டரியும் பழையபடி இருப்பதில்லை. ராத்திரியில் டிஎஸ்ஹெச் ஏறுவது சாதாரண உடம்பின் தாளம், சிறுநீரகம் செயலிழந்தவர்களுக்கு அந்த ஏற்றம் மட்டுப்படுகிறது. மேலே மூளையிலிருந்து வரும் தூண்டலுக்கு பிட்யூட்டரி காட்டும் பதிலும் மந்தமாகவும் தாமதமாகவும் வருகிறது. டிஎஸ்ஹெச்சை மட்டும் நம்ப முடியாது என்றது இதனால்தான்.

5. அயோடினை உடம்பிலிருந்து வெளியேற்றுவது பெரும்பாலும் சிறுநீரகம். அது நின்றால் அயோடின் தேங்குகிறது. குறைந்தால் மட்டும்தான் கெடுதல் என்று பலர் நினைக்கிறார்கள், ஆனால் அயோடின் மிகுந்தாலும் தைராய்டு தன் வேலையைக் குறைத்துக்கொள்ளும். சாதாரண சுரப்பி சில நாளில் அந்தத் தடையிலிருந்து மீண்டுவிடும். ஏற்கெனவே பழுதான சுரப்பி மீளாமல் மந்தமாகவே நின்றுவிடக்கூடும்.

இத்தனையும் சேர்ந்து டயாலிசிஸ் நோயாளிகளிடம் அதிகம் தெரிவது இதுதான்: டி3 குறைவு, டி4 சரியாகவோ கொஞ்சம் குறைவாகவோ, டிஎஸ்ஹெச் சரியாகவோ லேசாக ஏறியோ. மருத்துவர்கள் இதை 'லோ டி3 நிலை' என்பார்கள். ஐசியூவில் இருக்கிற வேறு நோயாளிகளுக்கும் டி3 இதே மாதிரி இறங்கும், ஆனால் அவர்களுக்கு 'ரிவர்ஸ் டி3' என்ற வேலைக்கு உதவாத வடிவம் ஏறிவிடும். சிறுநீரக நோயில் அது பெரும்பாலும் ஏறுவதில்லை. ஆக, வெறும் 'உடம்பு சரியில்லாததால் வந்த மாற்றம்' என்று மட்டும் இதைச் சொல்லிவிட முடியாது.

சரி, டி3 குறைந்தால் டி3யையே கொடுத்துவிடலாமே என்று தோன்றும். 1980களில் கொடுத்தும் பார்த்தார்கள். உடம்பின் புரதம் உடைந்து வெளியேறுவது அதிகமானது. சக்தியையும் தசையையும் காப்பாற்ற உடம்பே டி3யைக் குறைத்து வைத்திருக்கிறது என்ற எண்ணம் அதிலிருந்துதான் வலுப்பட்டது. இன்னொரு பக்கம், 2005, 2006இல் இத்தாலியில் கார்மைன் சொக்காலியின் குழு டயாலிசிஸ் நோயாளிகளிடம் செய்த ஆய்வுகளில், டி3 குறையக் குறைய அழற்சி அதிகமாக இருந்தது, உயிர் பிழைத்திருக்கும் வாய்ப்பும் குறைந்தது. இரண்டும் முரண் மாதிரித் தெரியும், முரண் இல்லை. உடம்பு எவ்வளவு சிரமத்தில் இருக்கிறது என்று டி3 காட்டுகிறது. டி3யை மட்டும் ஏற்றிவிட்டால் அந்தச் சிரமம் போய்விடாது. குறைந்த டி3யைக் கண்டால் தேட வேண்டியது வேறு: ஆறாத புண், டயாலிசிஸுக்குப் போட்ட குழாயில் (கதீட்டர்) தொற்று, ஆல்புமின் என்ற ரத்தப் புரதம் குறைவு, போதாத டயாலிசிஸ். வாரம் மூன்று தடவை செய்ய வேண்டியதைக் காசுக்காகவும் பஸ் பிடிக்கும் தொல்லைக்காகவும் இரண்டாக்கிக்கொள்கிறவர்களுக்கு இந்தக் கடைசிக் காரணம் நன்றாகவே பொருந்தும்.

சர்க்கரை சேர்ந்தால் என்ன ஆகிறது

சுகர் உள்ள டயாலிசிஸ் நோயாளிகளையும் சுகர் இல்லாதவர்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்த ஆய்வுகள் பல நாடுகளில் வந்திருக்கின்றன. பெரும்பாலும் சின்ன ஆய்வுகள், ஒரே ஒரு நாள் ரத்தம் எடுத்து ஒப்பிட்டவை. இரண்டு கூட்டத்துக்குமே டி3 குறைவு என்பதில் பெரிய கருத்து வேறுபாடு இல்லை. சுகர் உள்ளவர்களுக்கு இன்னும் குறைவா, டிஎஸ்ஹெச் இன்னும் அதிகமா என்று கேட்டால் சில ஆய்வுகள் ஆம் என்கின்றன, சிலவற்றில் வித்தியாசம் தெரியவில்லை. என் பார்வையில் இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. சுகர் உள்ள டயாலிசிஸ் நோயாளி சராசரியாக வயதில் மூத்தவர், இதய நோய் உள்ளவர், ஆல்புமின் குறைந்தவர். வித்தியாசம் தெரிந்தாலும் அது சர்க்கரையால் வந்ததா, கூடவே வந்த மற்றவற்றால் வந்ததா என்று ஒரு நாள் ரத்தத்தை வைத்துப் பிரிக்க முடியாது.

ஆனால் சர்க்கரை நோய் தைராய்டு எண்களைத் தள்ளக்கூடிய வழிகள் தெளிவாகவே தெரியும்:

1. ரத்தச் சர்க்கரை கட்டுப்படாமல் இருக்கும்போது டி4 – டி3 மாற்றம் குறைகிறது. சிறுநீரகம் ஏற்கெனவே குறைத்ததை இது இன்னும் குறைக்கிறது. சர்க்கரை கட்டுக்குள் வந்தால் இந்தப் பங்கு ஓரளவு சரியாகும்.

2. சர்க்கரையால் சிறுநீரகம் கெட்டவர்களுக்குச் சிறுநீரில் புரதம் போவது அதிகம். டயாலிசிஸ் ஆரம்பித்த பிறகும் கொஞ்சம் சிறுநீர் வந்துகொண்டிருந்தால், அதில் ஆல்புமினும் தைராய்டு ஹார்மோனைச் சுமக்கும் புரதமும் போய்க்கொண்டே இருக்கும். மொத்த டி4 குறைவாகத் தெரிவதற்கு இது முக்கியமான காரணம்.

3. டைப் 1 சர்க்கரையில் உடம்பின் எதிர்ப்புசக்தியே கணையத்தைத் தாக்கியிருக்கிறது. அதே எதிர்ப்புசக்தி தைராய்டையும் தாக்குவது அவர்களிடம் மற்றவர்களைவிட அதிகம். டிபிஓ ஆன்டிபாடி பரிசோதனை கேட்பது இதைப் பார்க்கத்தான். இளம் வயதிலேயே இன்சுலின் போட ஆரம்பித்து இப்போது டயாலிசிஸில் இருக்கிறவருக்கு டிஎஸ்ஹெச் ஏறினால், 'லோ டி3தான்' என்று தள்ளிவிடாமல் இதைப் பார்த்தாக வேண்டும்.

4. அயோடின். இதில் சுகர் உள்ளவர்கள் கணக்கு உண்மையிலேயே வேறு. காலில் புண் வந்து மாதக்கணக்கில் போவிடோன் அயோடின் வைத்துக் கட்டுகிறவர்கள் பெரும்பாலும் அவர்கள்தான், திறந்த புண் வழியாக அயோடின் உள்ளே போகும். ஆஞ்சியோகிராமுக்கு ஏற்றும் மருந்திலும் அயோடின்தான் நிறைய. இதயத் துடிப்புக்குக் கொடுக்கும் அமியோடரோன் 200 மி.கி. மாத்திரை ஒன்றில் சுமார் 75 மி.கி. அயோடின் இருக்கிறது, பெரியவருக்கு ஒரு நாளைக்கு வேண்டியதோ 150 மைக்ரோகிராம். சாதாரண ஆளுக்குச் சிறுநீரகம் இதைக் கழித்துவிடும். இவர்களுக்கு அந்த வழி அடைபட்டிருக்கிறது. ஆஞ்சியோ முடிந்து சில வாரத்தில் எடுத்த தைராய்டு ரிப்போர்ட் திடீரென்று மாறியிருந்தால், அந்த ஆஞ்சியோ தேதியைக் கட்டாயம் டாக்டரிடம் சொல்லுங்கள்.

5. மெட்பார்மின் என்ற சுகர் மாத்திரை சிலருக்கு டிஎஸ்ஹெச்சை லேசாக இறக்கும். சிறுநீரகம் மோசமாகும்போது அந்த மாத்திரையை நிறுத்திவிடுவார்கள். டயாலிசிஸ் தொடங்கும் காலத்தில் டிஎஸ்ஹெச் கொஞ்சம் ஏறியதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

எண்ணே தவறாக வரும் இடங்கள்

மேலே சொன்னதெல்லாம் உடம்புக்குள் நடப்பது. ரத்தம் எடுப்பதிலும் அளப்பதிலும் நடக்கிற கோளாறு தனி. ஒரே ஆளின் இரண்டு ரிப்போர்ட்டுகள் ஒத்துப்போகாததற்கு நோயைவிட இவைதான் அதிகம் காரணம் என்பேன்.

ரத்தம் எடுத்த நேரம்: டயாலிசிஸில் ரத்தம் உறையாமலிருக்க ஹெப்பாரின் கொடுப்பார்கள். அது ரத்தத்தில் கொழுப்பு அமிலங்களைக் கூட்டும், அவை புரதத்தோடு ஒட்டியிருக்கும் டி4ஐத் தள்ளிவிடும், எடுத்துவைத்த ட்யூபுக்குள்கூட இது தொடர்ந்து நடக்கும். விளைவு, ஃப்ரீ டி4 உள்ளதைவிட அதிகமாகத் தெரியும். தவிர, நான்கு மணி நேரத்தில் இரண்டு மூன்று லிட்டர் தண்ணீரை எடுத்த பிறகு மீதி ரத்தம் கெட்டியாகிவிடுவதால் மொத்த டி3, டி4 எண்களும் ஏறும். ஆகவே ரத்தம் எடுக்க வேண்டியது டயாலிசிஸ் தொடங்கும் முன், ஊசி குத்தியதும், ஹெப்பாரின் போடுவதற்கு முன்னால். ஒரு மாதம் டயாலிசிஸுக்கு முன்னால், அடுத்த மாதம் டயாலிசிஸ் முடிந்த பிறகு என்று மாற்றி மாற்றி எடுத்தால் அந்த ஒப்பீட்டுக்கு அர்த்தமே இல்லை.

பயோட்டின்: டயாலிசிஸ் நோயாளிக்கு முடி கொட்டும். கொட்டினால் கடையில் போய் முடிக்கு மாத்திரை கேட்பது நம் ஊர் வழக்கம், அதில் 5 அல்லது 10 மி.கி. பயோட்டின் என்ற வைட்டமின் இருக்கும். பல லேப் மெஷின்களில் பயோட்டினையே பயன்படுத்தித்தான் ஹார்மோனை அளக்கிறார்கள். ரத்தத்தில் பயோட்டின் அதிகம் இருந்தால் டிஎஸ்ஹெச் பொய்யாகக் குறைந்தும் டி3, டி4 பொய்யாக ஏறியும் வரும். பார்க்கிறவருக்கு தைராய்டு அதிகமாகச் சுரக்கிற நோய் மாதிரியே இருக்கும். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2017இல் இதைப் பற்றி எச்சரித்தது. சாதாரண ஆளுக்கு இரண்டு நாள் நிறுத்தினால் பெரும்பாலும் போதும், ஆனால் பயோட்டின் வெளியேறுவது சிறுநீரகம் வழியாக என்பதால் டயாலிசிஸ் நோயாளிக்கு அதைவிட அதிக நாள் வேண்டும். இங்கே வேடிக்கை என்னவென்றால், முடி கொட்டுவதற்கு தைராய்டு மந்தமே காரணமாக இருக்கலாம், அதற்காக வாங்கிய மாத்திரையே அந்த மந்தத்தை ரிப்போர்ட்டில் மறைத்துவிடும்.

அலகு: ஒரு லேப் டி3யை 0.9 என்று போடும், இன்னொன்று 90 என்று போடும், மூன்றாவது 1.38 என்று போடும். மூன்றும் ஒரே அளவுதான். முதலாவது ஒரு மில்லிலிட்டருக்கு நானோகிராம், இரண்டாவது ஒரு டெசிலிட்டருக்கு நானோகிராம், மூன்றாவது ஒரு லிட்டருக்கு நானோமோல். டி4லும் இப்படியே, 6 என்பதும் 77 என்பதும் ஒன்றுதான். எண்ணைப் பார்க்கும் முன் பக்கத்தில் இருக்கும் அலகையும் அந்த லேப் போட்டிருக்கும் சாதாரண வரம்பையும் பாருங்கள். முடிந்தால் ஒரே லேபிலேயே எடுங்கள்.

உடம்பு மோசமாக இருந்த நேரம்: காய்ச்சல், நிமோனியா, ஆஸ்பத்திரியில் படுக்கை என்று இருக்கும்போது எடுத்த தைராய்டு ரிப்போர்ட்டை வைத்து எதையும் முடிவு செய்யக் கூடாது. தேறி வரும் நாட்களில் டிஎஸ்ஹெச் தற்காலிகமாக 20 வரைகூடப் போய், தானே இறங்கும்.

மரச்சீனி, மீன், இந்துப்பு

இந்தப் பகுதியில் எழுதிவிட்டு மரச்சீனிக் கிழங்கை (மரவள்ளியை) சொல்லாமல் போக முடியாது. 1880களில் திருவிதாங்கூரில் விசாகம் திருநாள் ஊக்குவித்த பயிர், இன்றும் சாளையோ நெத்திலியோ கூட இருந்தால் ஒரு வேளைச் சாப்பாடே முடிந்துவிடும். மரச்சீனியில் இயற்கையாகவே சயனைடு தரும் பொருள் உண்டு, உடம்பு அதை தயோசயனேட் ஆக மாற்றுகிறது, அது தைராய்டுக்குள் அயோடின் நுழைவதைத் தடுக்கும். ஆரோக்கியமான ஆளுக்கு அயோடின் போதுமான அளவு இருந்தால் இது பிரச்சினையே இல்லை. ஆனால் தயோசயனேட் வெளியேறுவதும் சிறுநீரகம் வழியாகத்தான். நறுக்கி நிறையத் தண்ணீரில் வேகவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டும் நம் வீட்டு வழக்கம் சயனைடையும் குறைக்கிறது, பொட்டாசியத்தையும் ஓரளவு குறைக்கிறது. இருந்தாலும் டயாலிசிஸ் நோயாளிக்கு மரச்சீனியில் முதல் பயம் தைராய்டு இல்லை, பொட்டாசியம். சுகரும் இருந்தால் மாவுச்சத்து இரண்டாவது. தைராய்டு அதற்கெல்லாம் பிறகுதான். எவ்வளவு சாப்பிடலாம் என்பதை மாதாந்திரப் பொட்டாசியம் அளவைப் பார்த்து டயட்டீஷியனிடம் கேட்டுக்கொள்வதே நல்லது.

உப்பில் இரண்டு எச்சரிக்கை. இந்துப்பு 'இயற்கையானது' என்று மாறுகிறவர்கள் பலர், அயோடின் சேர்க்காத இந்துப்பில் உடம்புக்குப் போதுமான அயோடின் கிடையாது. அதைவிட ஆபத்து 'சோடியம் குறைந்த உப்பு' என்று வருவது. அதில் சோடியத்துக்குப் பதில் பொட்டாசியம் குளோரைடு இருக்கும். டயாலிசிஸ் நோயாளி அதைத் தொடவே கூடாது.

ரிப்போர்ட்டை எப்படிப் பிரித்துப் பார்ப்பது

இது டாக்டருக்குப் பதில் இல்லை, டாக்டரிடம் சரியான கேள்வி கேட்பதற்கு.

1. டி3 மட்டும் குறைவு, ஃப்ரீ டி4 சரி, டிஎஸ்ஹெச் சரி: லோ டி3 நிலை. தைராய்டு மாத்திரை வேண்டாம். அழற்சி, சாப்பாடு, அமிலத்தன்மை, டயாலிசிஸ் அளவு இவற்றைப் பார்க்க வேண்டும்.

2. டிஎஸ்ஹெச் 5க்கும் 10க்கும் நடுவில், ஃப்ரீ டி4 சரி: ஆறு முதல் எட்டு வாரம் கழித்து, டயாலிசிஸுக்கு முன், அதே லேபில் மறுபடி. டிபிஓ ஆன்டிபாடியும் ஒரு தடவை பார்ப்பது நல்லது. டயாலிசிஸ் நோயாளிகளில் கணிசமான பேர் இந்த இடத்தில்தான் நிற்கிறார்கள், எல்லாருக்கும் மாத்திரை ஆரம்பிப்பதில் நியாயம் இல்லை.

3. டிஎஸ்ஹெச் 10க்கு மேல், மறுபடி எடுத்தும் அப்படியே, ஃப்ரீ டி4உம் குறைவு: இது உண்மையான தைராய்டு மந்தம். வைத்தியம் வேண்டும். சுகர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் இதில் மாற்றமில்லை.

4. டி3, டி4 இரண்டும் குறைவு, டிஎஸ்ஹெச்சும் ஏறவில்லை: உடம்பு மிக மோசமாக இருக்கிறது, அல்லது பிட்யூட்டரியில் கோளாறு. தள்ளிப்போடக் கூடாது.

5. டிஎஸ்ஹெச் மிகக் குறைவு, ஃப்ரீ டி4 அதிகம்: முதலில் பயோட்டின், அப்புறம் தைராய்டு மாத்திரை அளவு கூடிவிட்டதா, அயோடின் ஏதும் உள்ளே போனதா, அதன் பிறகே நோய்.

அறிகுறியை வைத்துப் பிரிக்கலாமே என்றால் அங்கேதான் இடிக்கிறது. அசதி, குளிர் தாங்காமை, மலச்சிக்கல், தோல் வறட்சி, முகம் வீங்குவது எல்லாமே டயாலிசிஸுக்கும் உண்டு, தைராய்டு மந்தத்துக்கும் உண்டு. சந்தேகம் வர வேண்டிய இடங்கள் வேறு: ரத்தம் ஊறப் போடும் எரித்ரோபாய்டின் ஊசி முறையாகப் போட்டும், இரும்புச்சத்து போதுமாக இருந்தும் ஹீமோகுளோபின் ஏறவில்லை, டயாலிசிஸின் போது பிரஷர் அடிக்கடி விழுகிறது, நாடித்துடிப்பு மெதுவாகிறது, கொலஸ்ட்ரால் காரணமில்லாமல் ஏறுகிறது. இப்படி இருந்தால் டிஎஸ்ஹெச், ஃப்ரீ டி4 இரண்டும் பார்க்கச் சொல்லிக் கேட்பதில் தவறில்லை.

மாத்திரை ஆரம்பித்தால்

கொடுப்பது லீவோதைராக்ஸின், அதாவது டி4. வயதானவர்கள், இதய நோய் உள்ளவர்கள் என்றால் 12.5 அல்லது 25 மைக்ரோகிராமில் ஆரம்பித்து மெதுவாக ஏற்றுவார்கள். அவசரப்பட்டால் இதயத் துடிப்பு தாறுமாறாகும், எலும்பும் தசையும் கரையும். டயாலிசிஸ் அன்று கூடுதல் மாத்திரை தேவையில்லை, மெஷின் இதை எடுத்துக்கொண்டு போவதில்லை.

பெரிய சிக்கல் மற்ற மாத்திரைகளோடு வரும் மோதல். பாஸ்பரஸ் குறைக்கச் சாப்பாட்டோடு கொடுக்கும் கால்சியம் கார்பனேட், கால்சியம் அசிடேட், செவலாமர், லாந்தனம், அப்புறம் இரும்பு மாத்திரை, எல்லாமே லீவோதைராக்ஸினைக் குடலிலேயே பிடித்து வைத்துக்கொள்ளும். நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். வயிற்று எரிச்சலுக்குக் கொடுக்கும் பான்டோபிரசோல் வகைகளும் உறிஞ்சுதலைக் குறைக்கும். காலையில் எழுந்ததும் வெறும் வயிற்றில் ஒரு மிடறு தண்ணீரோடு தைராய்டு மாத்திரை, குறைந்தது அரை மணி நேரம், முடிந்தால் ஒரு மணி நேரம் கழித்துத்தான் சாயாவும் சாப்பாடும். காலைச் சாப்பாட்டோடு பாஸ்பரஸ் மாத்திரை இருந்தால் இது சரிவராது, அப்போது ராத்திரி படுக்கும்போது, சாப்பிட்டு மூன்று நான்கு மணி நேரம் கழித்துப் போடலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். சுகர் நீண்ட நாள் இருந்தவர்களுக்கு இரைப்பை மெதுவாகக் காலியாகும் கோளாறும் வரும், அதனாலும் மாத்திரை சரியாகச் சேராமல் போகலாம். அளவு ஏற்றிக்கொண்டே போயும் டிஎஸ்ஹெச் இறங்கவில்லை என்றால் மாத்திரையைக் குறை சொல்லும் முன் இந்த நேரங்களைச் சரிபார்க்க வேண்டும். தைராய்டு மாத்திரை எழுதியவர் ஒரு ஊரில், பாஸ்பரஸ் மாத்திரை எழுதியவர் இன்னொரு ஊரில் என்று இருக்கும்போது ஒருவர் சீட்டை மற்றவர் பார்ப்பதே இல்லை. எல்லா மாத்திரையையும் நேரத்தோடு ஒரே தாளில் எழுதி இரண்டு பேரிடமும் காட்டுவது ஒன்றுதான் வழி.

சுகர் அளவில் வரும் மாற்றம்

தைராய்டு மந்தமானால் உடம்பு சர்க்கரை தயாரிப்பதும் இன்சுலினைக் கழிப்பதும் மெதுவாகின்றன. ஊசியில் போடும் இன்சுலினைக் கழிப்பதில் சிறுநீரகத்துக்குப் பெரிய பங்கு உண்டு, டயாலிசிஸ் நோயாளிக்கு அதுவும் வேலை செய்வதில்லை. இரண்டும் சேர்ந்தால், பழைய அளவு இன்சுலினே அதிகமாகிச் சர்க்கரை சட்டென்று இறங்கும். "சுகர் தானே நார்மலாகிவிட்டது" என்று சந்தோஷப்படும் டயாலிசிஸ் நோயாளிகளை அடிக்கடி பார்க்கலாம். பெரும்பாலும் அது சிறுநீரகம் போனதால் வந்தது. சிலருக்குக் கூடவே தைராய்டும் மந்தமாகியிருக்கும்.

இதில் மூன்று மாதச் சராசரி சுகரைக் காட்டும் எச்பிஏ1சி பரிசோதனையை நம்பி இருக்கவும் முடியாது. அது சிவப்பணு 120 நாள் உயிரோடு இருக்கும் என்ற கணக்கில் வருவது. டயாலிசிஸில் அணுக்களின் ஆயுள் குறைகிறது, எரித்ரோபாய்டின் ஊசி புது அணுக்களைக் கொண்டுவருகிறது, ரத்தம் ஏற்றினால் கணக்கே மாறிவிடும். அதனால் எச்பிஏ1சி பெரும்பாலும் உண்மையைவிடக் குறைவாகவே வரும். வீட்டில் குளுக்கோமீட்டரில் குத்திப் பார்ப்பதற்குத்தான் மதிப்பு.

லீவோதைராக்ஸின் ஆரம்பித்த பிறகு இது எதிர்த்திசையில் போகும்: இன்சுலின் தேவை கூடும், சர்க்கரை ஏறும். முதல் இரண்டு மாதம், டிஎஸ்ஹெச் மறுபடி பார்க்கும் வரை, காலை வெறும் வயிற்றிலும் ராத்திரி படுக்கும் முன்பும் குத்திப் பார்த்து எழுதி வையுங்கள், டயாலிசிஸ் நாள் எது, இல்லாத நாள் எது என்று குறித்து. டிஎஸ்ஹெச் ரிப்போர்ட்டைக் காட்டப் போகும்போது இந்தத் தாளையும் எடுத்துக்கொண்டு போனால், மாத்திரை அளவை மாற்றும்போதே இன்சுலின் அளவையும் டாக்டர் சேர்த்து மாற்ற முடியும்.